உங்களுக்குத் தெரியுமா? ஷிப்டில் ஒரு மிடறு தண்ணீர்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மூன்று ஷிப்ட் ஓடுவது கார் கம்பெனிகளிலும் செல்போன் கம்பெனிகளிலும் மட்டுமல்ல. தண்டலத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனை, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய நர்சிங் ஹோம்கள், ஆலைகளுக்குள்ளேயே இருக்கும் மருத்துவ அறைகள் என்று இரவு பகலாக விழித்திருக்கும் நர்ஸ்களும் லேப் டெக்னீஷியன்களும் வார்டு ஊழியர்களும் இங்கே ஏராளம். எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு மறுபடி டியூட்டியில் சேர்கிறவர்களை நினைத்தே இந்த முறை தகவல்களைச் சேர்த்திருக்கிறோம். ஆலை லைனில் நிற்கிறவர்களுக்கும் இதில் வேண்டியது இருக்கிறது.

◆ நம் இரைப்பை நன்றாக விரிந்தால் ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். 'ஸ்லீவ்' ஆபரேஷனில் அதில் முக்கால் பங்குக்கும் மேலே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். அதன் கொள்ளளவு சுமார் 100 முதல் 150 மில்லி. இரைப்பை 'பைபாஸ்' செய்தவர்களுக்கு மேலே விடப்படும் சின்னப் பை இன்னும் சிறியது, சுமார் 30 மில்லி.

டியூட்டியில் குடிக்காமல் விட்டதை வீட்டுக்குப் போனதும் ஒரு சொம்புத் தண்ணீரில் சரிக்கட்டுவது நம் எல்லோருக்கும் பழக்கம். இவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. எட்டு மணி நேரம் குடிக்காமல் இருந்தால் அந்தக் கடனை இரவில் அடைக்க முடியாது. அதனால்தான், 'வேலை நேரத்தில் எவ்வளவு குடிக்க விடுகிறார்கள்' என்ற கேள்வி இவர்களுக்கு மருத்துவக் கேள்வியாகிவிடுகிறது.

◆ கொஞ்சம் கணக்குப் போடலாம். ஆபரேஷனுக்குப் பிறகு நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. விழித்திருப்பது 16 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். சிறிது சிறிதாக ஐந்து வேளை சாப்பாடு. சாப்பிடும்போதும், அதன் பிறகு அரை மணி நேரமும் தண்ணீர் கூடாது என்பதால் வேளைக்கு ஒரு மணி நேரம் கழிந்துவிடும். மிச்சம் 11 மணி நேரம். மணிக்குச் சுமார் 136 மில்லி குடிக்க வேண்டும்.

எட்டு மணி நேர ஷிப்டில் இரண்டு வேளை சாப்பாட்டைக் கழித்தால் கையில் இருப்பது ஆறு மணி நேரம். அதற்குள் 800 மில்லிக்கு மேல் உள்ளே போயாக வேண்டும். வார்டில் மருந்து ஊற்றிக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் கப் இருக்கிறதே, அது 30 மில்லி. ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒரு கப். அதையும் ஒரே விழுங்காக அல்ல, இரண்டு மூன்று மிடறாக. 'பிரேக்ல குடிச்சுக்கோம்மா' என்று இன்சார்ஜ் சிஸ்டர் அன்பாகச் சொன்னாலும் இந்தக் கணக்குக்கு அது போதாது.

◆ இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முதல் சில வாரங்களில் மறுபடி மருத்துவமனைக்கு ஓடி வருவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று, உடலில் நீர் வற்றிப்போவது. தையல் பிரிவது, ரத்தக் கசிவு என்று பயந்துகொண்டிருப்பார்கள். வந்து நிற்பதோ தலைசுற்றலும் வாந்தியுமாக இருக்கும்.

◆ நம் உடம்புக்குக் கிடைக்கும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாப்பாட்டின் வழியாகவே வருகிறது. சோறு, சாம்பார், ரசம், மோர் என்று சாப்பிடும் நம் ஊரில் இந்தப் பங்கு பெரியது. சாப்பாடு இரண்டு கரண்டியாகச் சுருங்கும்போது அந்த நீரும் கூடவே போய்விடுகிறது. இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

◆ அண்ணாந்து குடிப்பது நமக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்த நல்ல பழக்கம். எச்சில் படாது. ஆனால் அப்படிக் குடிக்கும்போது தண்ணீரோடு காற்றும் சேர்ந்து இறங்குகிறது. பெரிய இரைப்பைக்கு அது ஓர் ஏப்பத்தோடு சரி. 100 மில்லி குழாயில் அதே காற்று நெஞ்சைக் கவ்விப் பிடிப்பது போன்ற வலியைக் கொடுக்கும். தனக்கென்று ஒரு பாட்டில், பெயர் எழுதி, வாய் வைத்துச் சப்பிக் குடிப்பதே சரி. கூட வேலை செய்கிறவர்கள் முகம் சுளிக்காமல் இருக்க, காரணத்தை ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும்.

◆ 'நர்ஸிங் ஸ்டேஷனில் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது' என்பது பல மருத்துவமனைகளில் எழுதாத சட்டம். இதன் வேர் நியாயமானது. ரத்தமும் மாதிரிகளும் புழங்கும் மேஜையில் குடிநீர் இருந்தால் தொற்று வரலாம். அமெரிக்காவில் 1991-இல் வந்த ரத்தவழித் தொற்றுத் தடுப்பு விதி இதைத்தான் சொன்னது: தொற்று ஏற்பட வாய்ப்புள்ள இடத்தில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. வார்டு முழுவதும் தண்ணீரே கூடாது என்று அது சொல்லவில்லை. சுத்தமான ஓர் இடத்தைக் குறித்து, கையுறை கழற்றி, கை கழுவிவிட்டுக் குடிக்கலாம். சார்ட் எழுதும் மேஜைக்குப் பின்னால் ஒரு அலமாரித் தட்டு போதும். அந்தத் தட்டை ஒதுக்கித் தர ஒரு பைசா செலவில்லை.

◆ ஆலைப் பக்கம் சட்டம் இன்னும் தெளிவு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 18-ஆவது பிரிவில் குடிநீருக்கென்றே தனியாகப் பேசியது. குடிநீர் வைக்கும் இடத்தில் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் 'குடிநீர்' என்று எழுதியிருக்க வேண்டும் என்றது. கழிப்பறை, கை கழுவும் இடம், எச்சில் துப்பும் இடம் ஆகியவற்றிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டியிருந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கோடையில் குளிர்ந்த நீர் தர வேண்டியிருந்தது. 500 பேருக்கு மேல் இருந்தால் டாக்டரும் நர்ஸும் உள்ள மருத்துவ அறை வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் குடிநீர் நிர்வாகத்தின் கடமையாகவே இருக்கிறது.

ஆனால் 13 நிமிடத்துக்கு ஒரு கப் வேண்டியவருக்கு, குடிநீர் இருக்கும் இடம் ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்தால் என்ன பயன்? செல்போன் பாகங்கள் பொருத்தும் லைனில் பாட்டிலை உள்ளே விடுவதில்லை. அங்கே வேண்டியது, இடத்தை விட்டு நகர அனுமதியும், அந்த இரண்டு நிமிடம் நிற்க ஒரு ரிலீவரும்தான்.

◆ தண்ணீரைப் பற்றிப் பேசினால் கழிப்பறையைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். வேலை செய்யும் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு மறதியோ அலட்சியமோ காரணமல்ல. குடித்தால் போக வேண்டும். போக இடமில்லை, அல்லது விடுவதில்லை.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் இதற்காகவே நாள் முழுக்கத் தாகத்தோடு நின்றார்கள். தையல் தொழிலாளியான விஜி அவர்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறைக்காகத் தொடங்கிய போராட்டம், உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்தது. 2018-இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது.

நம் பக்கத்தில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். வெயில், போதாத தண்ணீர், கழிப்பறை இல்லாமை மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் உப்பளத்துக்கும் ஒரகடத்துக்கும் ரொம்ப தூரமில்லை. காஞ்சிபுரத்திலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ கம்பெனி பஸ் ஏறுகிற பெண், வழியில் வண்டி நிற்காது என்பதால் ஏறுவதற்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிடுகிறார். எட்டு மணி நேர வேலைக்கு முன்பே அவர் உடம்பு வறண்டு கிடக்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டவராக இருந்தால் அந்தப் பயண நேரம் முழுவதும் மேலே சொன்ன கணக்கில் துண்டு விழும்.

◆ இங்குள்ள ஆலைகளின் இயந்திரங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கோயம்பேட்டிலிருந்து. சென்னையின் கழிவுநீரை மூன்று கட்டமாகச் சுத்திகரித்து, கடைசியில் ஆர்.ஓ. வழியாக வடித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் நிலையம் அங்கே 2019-இல் செயல்படத் தொடங்கியது. குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் வளாகங்களுக்கு அந்த நீர் வருகிறது. குடிக்க அல்ல, ஆலைப் பயன்பாட்டுக்கு. இயந்திரம் காயாமல் இருக்க இவ்வளவு தூரம் குழாய் பதிக்க முடிந்திருக்கிறது என்பது நல்ல செய்தி. மனிதர்களுக்கும் அதே அக்கறையைக் கேட்கலாம்.

◆ சோர்ந்துபோனால் ஓஆர்எஸ். அதன் கதை நமக்குப் பெருமை. 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியபோது, பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தே உயிர்களைக் காப்பாற்றினார். இன்றைய உலக சுகாதார நிறுவனச் செய்முறையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும்.

இதே பெயரைப் போட்டுக்கொண்டு இதைவிடப் பல மடங்கு சர்க்கரையோடு அட்டைப் பெட்டிப் பானங்கள் மெடிக்கல் ஷாப்பிலேயே விற்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், செய்முறைக்குப் பொருந்தாத பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது.

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு, குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, இது கூடுதல் முக்கியம். சர்க்கரை நிறைந்த பானம் குடலுக்குள் வேகமாக இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்று முறுக்கல், பேதி என்று 'டம்பிங்' தொல்லை தொடங்கும். வறட்சிக்காகக் குடித்தது வறட்சியைக் கூட்டிவிடும். கரும்புச்சாறு, ரோஸ்மில்க், குளுக்கோஸ் பவுடர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

◆ அப்படியானால் எதைக் குடிப்பது? தண்ணீர். பிறகு நீர்மோர், பெருங்காயமும் உப்பும் கொஞ்சமாக. சக்கையில்லாமல் வடித்த தெளிவு ரசம், காரம் குறைத்து. மருத்துவர் அனுமதித்த பிறகு எலுமிச்சை நீர், சர்க்கரை இல்லாமல். புரதப் பவுடர் கரைத்துக் குடித்தால் அந்த நீரும் கணக்கில் சேரும். பன்னீர் சோடா, கோலி சோடா, கோலா எதுவும் வேண்டாம்; வாயு சின்னப் பையை உப்ப வைக்கும். டீ, காபியை முதல் சில வாரங்கள் தள்ளிவைக்கச் சொல்வார்கள்.

◆ சிறுநீர் நிறத்தைப் பார்த்து வறட்சியைத் தெரிந்துகொள்ளலாம் என்று கழிப்பறைச் சுவரில் வண்ண அட்டை ஒட்டியிருப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இந்த ஆபரேஷன் செய்தவர்கள் தினமும் வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அதில் உள்ள பி2 சிறுநீரைப் பளிச்சென்ற மஞ்சளாக்கிவிடும். போதுமான தண்ணீர் குடித்தவர் வீணாகப் பயப்படுவார். இன்னொருவர், வறட்சியால் அடர்ந்த நிறத்தை 'மாத்திரையால்தான்' என்று விட்டுவிடுவார். ஆகவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனை தடவை, எவ்வளவு போகிறது என்று பாருங்கள். ஒரு ஷிப்ட் முழுக்க ஒரு தடவைகூடப் போகவில்லை என்றால் அது எச்சரிக்கை.

◆ கல்லடைப்பு. பைபாஸ் செய்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. சாதாரணமாக, நாம் சாப்பிடும் கீரையிலும் பருப்பு வகையிலும் உள்ள ஆக்சலேட், குடலில் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். பைபாஸுக்குப் பிறகு கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாமல் குடலில் தங்குகிறது. அந்தக் கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. தனித்துவிடப்பட்ட ஆக்சலேட் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வருகிறது. அங்கே தண்ணீரும் குறைவாக இருந்தால் படிந்து கல்லாகிறது.

'கல் வரும், கால்சியம் வேண்டாம்' என்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அது தலைகீழான முடிவு. கால்சியம் சிட்ரேட்டைச் சாப்பாட்டோடு எடுத்தால் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து அனுப்பிவிடும். பசலைக்கீரை, பீட்ரூட், பால் சேர்க்காத டீ அளவாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர்.

◆ பழைய மருந்துச் சீட்டை அப்படியே தொடரக் கூடாது. எடை இறங்கும்போது ரத்த அழுத்தமும் இறங்கும். சிறுநீர் பெருக்கி சேர்ந்த பிபி மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கினால், காலை ரவுண்ட்ஸில் நிற்கும்போதே கண் இருட்டும். சர்க்கரைக்காகத் தரப்படும் டாபாக்ளிப்ளோசின், எம்பாக்ளிப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. கூடவே நீரும் போகும். சாப்பாடும் தண்ணீரும் குறைந்திருக்கும் நாட்களில் இவை ஆபத்து. டாக்டரிடம் கேட்காமல் தொடரவும் வேண்டாம், தாமாக நிறுத்தவும் வேண்டாம். தலைவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போட்டுக்கொள்வதையும் விட்டுவிட வேண்டும். வறண்ட சிறுநீரகத்துக்கும், பைபாஸ் செய்த குடல் இணைப்புக்கும் அவை கெடுதல்.

◆ மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு எளிதில் நேரக்கூடிய ஓர் ஆபத்து இருக்கிறது. வார்டில் ஒரு சிஸ்டருக்குத் தலை சுற்றுகிறது. கூட இருப்பவர்கள் பாசத்தோடு டியூட்டி ரூமில் படுக்க வைத்து, கைக்குக் கிடைத்த டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு ட்ரிப்ஸ் ஏற்றிவிடுகிறார்கள். மற்றவர்களுக்கு அதில் பெரிய தீங்கில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பல நாளாக வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அது மூளையைத் தாக்கக்கூடும்.

உடம்பில் தயாமின் எனும் வைட்டமின் பி1 கையிருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான். தொடர் வாந்தியில் அது தீர்ந்துபோகும். தீர்ந்த உடம்பில் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருக்கும் தயாமினையும் அது இழுத்துக்கொள்ளும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது என்று 'வெர்னிக்கே' நோய் வெளிப்படும். தாமதித்தால் நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். முதலில் தயாமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். இந்த ஒரு வரியை டியூட்டி ரூம் சுவரில் எழுதி ஒட்டலாம்.

◆ ஆபரேஷன் இல்லை, எடைக் குறைப்பு ஊசிதான் என்கிறவர்களுக்கும் தண்ணீர்ப் பிரச்சினை உண்டு. மவுஞ்சாரோ இந்தியாவுக்கு 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் வந்தன. பசியை அடக்கும் இவற்றில் குமட்டலும் வாந்தியும் சகஜம். இரைப்பை சின்னதாகவில்லை, ஆனால் குடிக்கத் தோன்றுவதில்லை.

◆ 2023 ஏப்ரல் 21-இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியது. அது நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஆனால் மருத்துவமனை இரவு டியூட்டி பல இடங்களில் இன்றும் 12 மணி நேரம்தான். நம் கணக்கில் அதற்குள் குடிக்க வேண்டியது ஒரு லிட்டரைத் தாண்டும். இரவு எட்டு மணிக்குப் பாட்டிலில் கோடு போட்டு, நள்ளிரவுக்குள் இவ்வளவு, நான்கு மணிக்குள் இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது பல நர்ஸ்களுக்குக் கைகொடுக்கிறது. ஏசி வார்டில் வியர்க்காததால் தாகம் தெரியாது. அதனால் தாகத்தை நம்பாமல் கோட்டை நம்புங்கள்.

◆ 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நிவாரணத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒரு குடம் தண்ணீரிலும் ஒரு பூட்டாத கழிப்பறையிலும் இருக்கிறது.

◆ மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் ஈஎஸ்ஐ காப்பீட்டுக்குள் வருவார்கள். நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். உடம்பு தண்ணீரை ஏற்றுக்கொள்ளப் பழகும் முன்பே அவசரப்பட்டு ஷிப்டில் ஏறத் தேவையில்லை. முன்கூட்டியே கிளை அலுவலகத்தில் தகுதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

◆ திரும்பச் சேரும்போது கொடுக்கும் உடல்தகுதிச் சான்றிதழில் 'வேலைக்குத் தகுதியானவர்' என்ற ஒரு வரிதான் வழக்கமாக இருக்கும். 'நிறைய தண்ணீர் குடிக்கவும்' என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருப்பது நோயாளிக்கு எழுதியது. நர்ஸிங் சூப்பிரண்டுக்கோ லைன் சூப்பர்வைசருக்கோ எழுதியதல்ல. சர்ஜனிடம் கேட்டு நான்கு விஷயங்களைத் தனிக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள்: 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒரு முறை சில மிடறு குடிக்க அனுமதி, பாட்டில் வைக்கப் பக்கத்திலேயே சுத்தமான இடம், கேட்காமல் கழிப்பறை போகும் உரிமை, எத்தனை மாதத்துக்கு இது வேண்டும் என்ற தேதி. ஒரு நகல் மேற்பார்வையாளருக்கு, ஒன்று ஆலை மருத்துவ அறைக்கோ மருத்துவமனை நிர்வாகத்துக்கோ, ஒன்று உங்கள் பைக்கு. நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.